கீபோர்டு, பெடல், சின்ன கேமரா: ஃபர்ம்வேர் அப்டேட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசைக்கருவி வைத்திருப்பவர்களும் கையடக்க டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்களும் என்னிடம் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கருவிதான் வேறு, பயம் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதலில் எளிதானவை, போகப்போகச் சிக்கலானவை.

ஃபர்ம்வேர் என்றால் என்ன? போனில் ஆப் அப்டேட் பண்ணுகிற மாதிரிதானே?

கருவிக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கிற புரோகிராம்தான் ஃபர்ம்வேர். தமிழில் நிலைபொருள் என்று எழுதுகிறார்கள். கேமராவை ஆன் செய்ததும் லென்ஸ் வெளியே நீள்வது, பாதி அழுத்தியதும் ஃபோகஸ் தேடுவது, கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தியதும் எந்த ஒலி எவ்வளவு பலமாக வர வேண்டும் என்று முடிவாவது, எல்லாம் அதன் வேலை. ஹார்டுவேருக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவில் இருப்பது என்ற பொருளில் 1967ல் ஆஷர் ஓப்ளர் என்பவர் டேட்டமேஷன் இதழில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அப்போது அது கணிப்பொறிச் செயலியின் உள்கட்டளைகளான மைக்ரோகோடைக் குறித்தது, இப்போது பொருள் விரிந்துவிட்டது.

ஆப் அப்டேட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆப் கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி போடலாம், ஏனென்றால் போனின் இயங்குதளம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறது. கேமராவிலோ பெடலிலோ (கிட்டாரின் ஒலியை மாற்றும் காலடிப் பெட்டி) ஓடுகிற புரோகிராமே இதுதான். அது தன்னைத் தானே அழித்துத் திரும்ப எழுதிக்கொள்கிறது. கீழே நான் சொல்லும் எச்சரிக்கை எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

நல்லா ஓடிக்கிட்டிருக்கு. எதுக்குக் கை வைக்கணும்?

கை வைக்கத் தேவையில்லாமலும் இருக்கலாம். புதிய பதிப்போடு வரும் மாற்றக் குறிப்பை முதலில் படியுங்கள். உங்களைத் தொந்தரவு செய்கிற கோளாறு அதில் சரியாகியிருக்கிறதா? உங்களுக்கு வேண்டிய வசதி வந்திருக்கிறதா? நீங்கள் வாங்கப்போகும் கார்டோ புதிய கம்ப்யூட்டரோ வேலை செய்ய இது அவசியமா? மூன்றுக்கும் இல்லை என்றால் விட்டுவிடலாம். ஏதோ ஒரு மொழியின் மெனுவில் எழுத்துப்பிழை திருத்தினார்கள் என்பதற்காக நீங்கள் பேட்டரியைச் சார்ஜ் போட வேண்டாம்.

ஆனால் சில அப்டேட்டுகள் கருவியையே மாற்றிவிடும். ஃபூஜிஃபில்மின் எக்ஸ்100 கேமரா 2011ல் வந்தது. அதற்கு அடுத்த மாடலான எக்ஸ்100எஸ் விற்பனைக்கு வந்த பிறகு, 2013 அக்டோபரில், பழைய எக்ஸ்100க்கு 2.00 பதிப்பை வெளியிட்டார்கள். ஃபோகஸ் வேகம் கூடியது, கையால் ஃபோகஸ் செய்யும்போது கூர்மையான விளிம்புகளை ஒளிர்த்துக் காட்டும் வசதியும் வந்தது. எலெக்ட்ரான் நிறுவனத்தின் டிஜிடாக்ட் என்ற டிரம் கருவி 2017ல் வந்தபோது இருந்ததற்கும் பல அப்டேட்டுகளுக்குப் பிறகு இருந்ததற்கும் நிறைய தூரம். காசு கொடுத்து வாங்கிய பெட்டி வீட்டில் இருந்தபடியே வளர்ந்தது, எனக்கு இதில் உண்மையான சந்தோஷம் உண்டு.

வைஃபை உள்ள கேமராவுக்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. 2019 ஆகஸ்டில் செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு கேனன் இஓஎஸ் 80டி கேமராவுக்குள் வைஃபை வழியாகப் புகுந்து கார்டிலிருந்த படங்களைப் பூட்டிக் காட்டினார்கள். கேனன் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. மாற்றக் குறிப்பில் ‘பாதுகாப்பு’ என்ற சொல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போ என்ன வெர்ஷன் இருக்குன்னு எப்படிப் பார்க்கிறது?

கேமராவில் பெரும்பாலும் செட்டப் மெனுவின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பல ஃபூஜி கேமராக்களில் டிஸ்ப்/பேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் வெர்ஷன் திரை நேராக வரும். இசைக்கருவிகளில் சிஸ்டம், குளோபல், அபவுட் என்ற பெயர்களில் தேடுங்கள், அல்லது ஆன் ஆகும் அந்த இரண்டு விநாடி திரையைப் பாருங்கள். திரையே இல்லாத பெடல் என்றால் கம்ப்யூட்டரில் அதன் எடிட்டரோடு இணைத்துத்தான் பார்க்க முடியும்.

எண்ணைப் படிப்பதில் ஒரு சின்னக் குழப்பம். 1.10 என்பது பொதுவாக 1.9க்கு அடுத்தது. அது தசம எண் இல்லை, புள்ளிக்கு வலதுபுறம் தனி எண்ணாகப் படிக்க வேண்டும். தன்னிடம் 1.9 இருக்கிறது, 1.10 பழசு என்று நினைத்து ஒரு வருடம் அப்டேட் செய்யாமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

ஃபைலை எங்கிருந்து எடுக்கணும்?

தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்திலிருந்து மட்டும். தேடலில் முதலில் வரும் ‘எல்லா டிரைவரும் இங்கே’ வகைத் தளங்களை மூடிவிடுங்கள். மாடல் பெயரைக் கருவியின் அடிப்பக்க ஸ்டிக்கரைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பெயரில் ஒரு ‘மார்க் 2’ கூடினாலே உள்ளே வேறு பலகை, வேறு ஃபைல். இப்போதைய கருவிகள் தவறான ஃபைலைத் தாமே மறுத்துவிடும், பழையவற்றை அப்படி நம்ப முடியாது.

ஃபைலைக் கார்டில் போட்டாச்சு. கேமரா ‘ஃபைல் இல்லை’ என்கிறது. என்ன தப்பு?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான், காரணம் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும். முதலாவது ஃபைல் பெயர். ஒரே ஃபைலை இரண்டு முறை டவுன்லோட் செய்தால் பிரவுசர் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துவிடும். கேமரா ஒரு குறிப்பிட்ட பெயரைத்தான் தேடுகிறது, ஓர் எழுத்து கூடினாலும் அதற்கு அது வேறு ஃபைல். நானே இதில் ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் கார்டை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்திருக்கிறேன். கடைசியில் கம்ப்யூட்டர் திரையில் அந்த ‘1’ கண்ணில் பட்டது. பெயரைத் திருத்தினேன், கேமரா உடனே எடுத்துக்கொண்டது.

இரண்டாவது, இடம். பெரும்பாலான கேமராக்களுக்கு ஃபைல் கார்டின் மேல்மட்டத்தில், எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் இருக்க வேண்டும். படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டருக்குள் போட்டால் தெரியாது. இதற்கு விதிவிலக்கும் உண்டு: சில நிக்கான் கூல்பிக்ஸ் மாடல்களுக்கு ‘ஃபர்ம்வேர்’ என்ற ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யச் சொல்வார்கள். அதனால் உங்கள் மாடலின் குறிப்பை ஒரு தடவை படித்துவிடுங்கள். டவுன்லோட் ஆனது ஜிப் ஃபைலாக இருந்தால் பிரித்து உள்ளே இருப்பதைத்தான் போட வேண்டும்.

மூன்றாவது, கார்டு. படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அந்தக் கேமராவிலேயே கார்டை ஃபார்மட் செய்து, அதற்குப் பிறகு ஃபைலைப் போடுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன, பழைய கேமராவுக்கும் பழைய சாம்ப்ளருக்கும் (ஒலிகளைப் பதிந்து வைத்து வாசிக்கும் கருவி) அது புரியாது. 4 அல்லது 8 ஜிபி கார்டு ஒன்றை இதற்கென்றே மேசை அறையில் வைத்துக்கொள்வது என் பழக்கம். ரொம்பப் பழைய கருவியாக இருந்தால் அதுவும் பெரிது, 2 ஜிபிக்குள் தேட வேண்டும். மேக் கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர்கள் இன்னொன்று கவனியுங்கள், அது கார்டில் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த மறைவு ஃபைல்களை எழுதி வைக்கும், சில கருவிகள் அதைப் பார்த்துக் குழம்பும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மெனுவில் அப்டேட் வரியே வரவில்லையா? சில கேனன் பவர்ஷாட்களில் படம் எடுக்கும் நிலையில் அது தெரியாது, எடுத்த படத்தைப் பார்க்கும் நிலைக்குப் போய் மெனுவைத் திறக்க வேண்டும்.

பேட்டரி முழுசா இருக்கணுமா? பாதி இருந்தா போதாதா?

முழுதாக இருக்கட்டும். எழுதும் வேலை சில நிமிடம்தான், ஆனாலும் பழைய பேட்டரி 50% என்று காட்டிக்கொண்டே திடீரென்று விழுந்துவிடும். பல கேமராக்கள் சார்ஜ் குறைவாக இருந்தால் அப்டேட்டைத் தொடங்கவே மறுக்கும். அந்த மறுப்பைச் சுற்றிப்போக வழி தேடாதீர்கள்.

இசைக்கருவிகளில் இதற்கு இணை அடாப்டர். கருவியோடு வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் நேராகப் போடுங்கள். ஆறு பெடல்களுக்கு ஒரே சப்ளையிலிருந்து பிரித்துக் கொடுக்கும் கம்பிச் சங்கிலியை அன்றைக்கு மட்டும் ஒதுக்கி வைக்கலாம். கம்ப்யூட்டர் மூலம் செய்கிறீர்கள் என்றால் லேப்டாப்பும் பிளக்கில் இருக்கட்டும், அது தூங்கப் போகாதபடி அமைப்பையும் மாற்றி வையுங்கள்.

நடுவில் கரண்ட் போயிட்டா கருவி இனி உதவாத செங்கல்தானா?

அவசியமில்லை. உள்ளே நடப்பது இதுதான். ஃபிளாஷ் மெமரியில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது, ஒரு தொகுதியை முழுக்க அழித்துவிட்டுத்தான் எழுத முடியும். அழித்து, இன்னும் எழுதி முடிக்காத அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் புரோகிராம் அரைகுறையாக நிற்கும்.

ஆனால் நல்ல வடிவமைப்பில் பூட்லோடர் என்ற சின்னப் புரோகிராம் தனி இடத்தில் இருக்கும், சாதாரண அப்டேட் அதைத் தொடாது. ஆன் செய்ததும் முதலில் ஓடுவது அதுதான். முக்கியப் புரோகிராம் சரியில்லை என்று கண்டால், புது ஃபைலைக் கொடு என்று காத்திருக்கும். எலெக்ட்ரான் கருவிகளில் எஃப்யுஎன்சி பட்டனைப் பிடித்தபடி ஆன் செய்தால் வரும் ஆரம்ப மெனு இந்த வகைதான். வேறு பல பெட்டிகளில் ஏதாவது இரண்டு பட்டனைச் சேர்த்துப் பிடித்தால் டிஎஃப்யு நிலைக்கு, அதாவது புது ஃபர்ம்வேருக்காகக் காத்திருக்கும் நிலைக்குப் போகும். சில கருவிகள் இன்னும் பத்திரமாக இரண்டு பிரதி வைத்திருக்கும், புதியது முழுதாக எழுதப்பட்டுச் சரிபார்த்த பிறகே அதற்கு மாறும். அதனால் திரை கறுப்பாக இருக்கிறது என்றவுடன் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், முதலில் கையேட்டில் ‘ரெகவரி’ பகுதியைத் தேடுங்கள்.

கேமராக்களில் இந்த மீட்பு வழியைப் பயனாளருக்குத் திறந்து வைப்பது குறைவு. கேமரா அப்டேட்டின் நடுவில் செத்துவிட்டால் பெரும்பாலும் சர்வீஸ் சென்டர்தான். பேட்டரி விஷயத்தில் நான் அவ்வளவு பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

62%ல் நிக்குது. அரை மணி நேரமா நகரலை. ஆஃப் பண்ணலாமா?

இன்னும் கொஞ்சம் பொறுங்கள். பல கருவிகளில் அந்தக் கோடு நேரத்தைக் காட்டுவதில்லை, எத்தனை பகுதி முடிந்தது என்பதை மட்டும் காட்டுகிறது. ஒரு பெரிய பகுதி வந்தால் அங்கேயே நிற்கும். ஒரு சாம்ப்ளர் என் மேசையில் கோடு நகராமல் இருபது நிமிடம் நின்றது. விசிறி இல்லை, சத்தம் இல்லை, பவர் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு மட்டும் சீரில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது. என் விரல் இரண்டு முறை பவர் பட்டன் வரை போனது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் தானே ரீஸ்டார்ட் ஆனது.

விளக்கு துடிக்கிறதா, கார்டைப் படிக்கும் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விட்டுவிடுங்கள். ஒன்றுமே அசையாமல் ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது, கையேடு சொன்ன நேரமோ ஐந்து நிமிடம் என்றால், அப்போது ஆஃப் செய்து முந்தின பதிலில் சொன்ன மீட்பு வழிக்குப் போகலாம்.

கம்ப்யூட்டரில் சொருகினா கருவியே தெரியமாட்டேங்குது.

முதலில் கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற யூஎஸ்பி கேபிள் நிறைய புழங்குகிறது, உள்ளே தகவல் போகும் கம்பியே இருக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். படம் மாற்ற ஏற்கெனவே உதவிய கேபிளை எடுங்கள். ஹப்பைத் தவிர்த்து நேராக லேப்டாப்பில் சொருகுங்கள்.

அப்புறம், இசை மென்பொருள் பின்னால் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இசைக்கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் முறைக்கு மிடி என்று பெயர். அந்த மிடி போர்ட்டை இசை மென்பொருள் பிடித்து வைத்திருந்தால் அப்டேட் மென்பொருளுக்கு அது கிடைக்காது. பிரவுசர் வழியே அப்டேட் செய்யும் முறையும் இப்போது உண்டு, நோவேஷன் நிறுவனத்தின் காம்போனன்ட்ஸ் அப்படித்தான். அதற்குப் பிரவுசருக்கு வெப் மிடி, அதாவது இணையப் பக்கத்திலிருந்து மிடி கருவியோடு பேசும் வழி, தெரிந்திருக்க வேண்டும். குரோமுக்குத் தெரியும், சஃபாரிக்குத் தெரியாது. அனுமதி கேட்கும் பெட்டி வந்தால் ‘அனுமதி’ கொடுக்கவும் வேண்டும்.

என் பழைய சிந்தசைசரில் யூஎஸ்பியே இல்லை. மிடி மட்டும்தான். எப்படி?

சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ், சுருக்கமாக சிஸ்எக்ஸ், வழியாக. மிடி செய்தியில் 240 என்ற பைட்டில் தொடங்கி 247ல் முடியும் ஒரு வகை உண்டு, இடையில் அந்தந்த நிறுவனம் தனக்கு வேண்டியதை அனுப்பிக்கொள்ளலாம். ஃபர்ம்வேரும் அப்படித்தான் துண்டு துண்டாகப் போகிறது. விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் சிஸ்எக்ஸ் லைப்ரேரியன் போன்ற இலவச மென்பொருள்கள் இதை அனுப்பும்.

பொறுமை வேண்டும். 1983ல் வந்த மிடியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு 10 பிட் செலவாகும், அதனால் விநாடிக்கு 3,125 பைட்தான். அதிலும் சிஸ்எக்ஸில் ஒரு பைட்டில் 7 பிட்டுக்குத்தான் இடம், அதனால் 7 பைட் தகவல் 8 பைட்டாக வீங்கும். கணக்குப் போட்டால் 1 எம்பி ஃபைலுக்கு இடைவிடாமல் அனுப்பினாலும் 6 நிமிடத்துக்கு மேல் ஆகும். துண்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளியும் சேர்ந்தால் இன்னும் அதிகம். கருவி உறைந்துவிட்டது என்று நினைத்து நடுவில் நிறுத்துபவர்கள் இங்கேதான் அதிகம்.

இன்னொரு எதிரி, மலிவான யூஎஸ்பி-மிடி கேபிள். நோட்டுகளைச் சரியாக அனுப்பும், நீண்ட சிஸ்எக்ஸ் வந்தால் நடுவில் பைட்டுகளைத் தவறவிடும். பிழைச் செய்தி வந்தால் முதலில் துண்டுகளுக்கு இடையிலான தாமதத்தைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் ஒரு நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸின் மிடி அவுட்டை இரவல் வாங்கியாவது அதில் அனுப்புங்கள். கருவியின் மிடி அவுட் கேபிளை அப்போதைக்குக் கழற்றிவிடுவதும் நல்லது, போனது சுற்றித் திரும்பி வந்து குழப்பாது.

ஆடியோ ஃபைலைப் போனில் வாசிச்சு, அந்தச் சத்தத்தாலேயே அப்டேட் ஆகும்கிறாங்களே, நிஜமா?

நிஜம்தான். கோர்க் நிறுவனத்தின் மோனோட்ரைப், வோல்கா என்ற சின்ன இசைப் பெட்டிகளுக்கு இப்படி ஒரு வழி இருந்தது. ஃபைலை வாசித்து, ஹெட்போன் துளையிலிருந்து கேபிள் எடுத்து சிங்க் இன் துளையில் கொடுக்க வேண்டும். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் மாட்யூல்களும் (சிந்தசைசரின் தனித்தனிப் பகுதிகள்) ஆடியோ வழியே அப்டேட் ஆகும். பழைய டயல்-அப் மோடத்தின் இரைச்சல் நினைவிருக்கிறதா, அதே தந்திரம். பிட்டுகள் ஒலியாகப் போகின்றன, உள்ளே இருக்கும் பூட்லோடர் அதைக் கேட்டுத் திரும்பப் பிட்டாக்குகிறது.

எனக்கு இதில் ஒரு முறை பாதியில் நின்றது. ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது, சின்னப் பெட்டியின் விளக்குகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன, சரியாக அப்போது போனில் ஒரு மெசேஜ், ‘டிங்’. விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சிவந்து நின்றுவிட்டன. அந்த ஒலியும் தகவலோடு கலந்து போய், தகவல் பிழையின்றி வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்புக் கூட்டல் பொருந்தவில்லை. நல்லவேளை, பூட்லோடர் பிழைத்திருந்ததால் முதலிலிருந்து வாசிக்க முடிந்தது. அதனால் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், ஈக்வலைசரையும் ஒலி மேம்பாடுகளையும் அணையுங்கள், வால்யூம் எவ்வளவு என்று கையேடு சொல்கிறதோ அவ்வளவு வையுங்கள். ஃபைலை எம்பி3யாக மாற்றவே கூடாது, அந்தச் சுருக்கலில் பிட்டுகள் சிதைந்துவிடும். புளூடூத்தும் அதே காரணத்தால் கூடாது, கம்பிதான்.

இன்னும் பழசு ஒன்று இருக்கு. சிப்பையே மாத்தணும்கிறாங்க.

1980களின் கருவிகளில் ஃபர்ம்வேர் ஈப்ராம் சிப்பில் இருக்கும். அதன் நடுவில் சின்னக் குவார்ட்ஸ் ஜன்னல் உண்டு, புற ஊதா ஒளி காட்டினால்தான் அழியும். ஒளி படாதிருக்க ஜன்னல் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அதில்தான் பதிப்பு எண்ணை எழுதியிருப்பார்கள். அந்த ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். சிப் சாக்கெட்டில் இருந்தால், திசையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இருபுறமும் மெல்ல நெம்பி எடுக்கலாம். பலகையோடு பற்றவைத்திருந்தால் அனுபவமுள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

என் பேட்ச், ப்ராஜெக்ட் எல்லாம் அழிஞ்சிடுமா?

பேட்ச், பிரீசெட் என்பவை நீங்கள் சேமித்து வைத்த ஒலி அமைப்புகள். அவை அழியாமல் இருப்பதுதான் வழக்கம். ஆனாலும் அழியும் என்று வைத்துக்கொண்டே பேக்கப் எடுங்கள். கருவியின் எடிட்டரிலிருந்தோ சிஸ்எக்ஸ் டம்ப்பாகவோ கார்டிலோ, எது கிடைக்கிறதோ அதில். பேக்கப் எடுத்த ஃபைல் பூஜ்ஜியம் கேபி இல்லை என்று திறந்து பாருங்கள், அதைப் பார்க்காமல் பல மாத வேலையை இழந்தவர்கள் உண்டு. லைன் 6 ஹீலிக்ஸ் போன்ற கிட்டார் கருவிகள் அப்டேட் முடிந்து முதல்முறை ஆன் ஆகும்போது பிரீசெட்டுகளைப் புதிய முறைக்கு மாற்றி எழுதும், அது முடியும்வரை அதையும் அப்டேட்டின் பகுதியாகவே நினைத்துத் தொடாமல் இருங்கள்.

கேமராவில் அப்டேட்டால் கார்டிலுள்ள படங்களுக்கு ஆபத்தில்லை, அவற்றை அழிப்பது நாம் செய்யும் ஃபார்மட்தான், அதனால்தான் முதலில் வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னேன். ஆனால் மெனு அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பலாம். கேமராவில் சேமிக்கும் வசதி இல்லையென்றால் ஒவ்வொரு மெனு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

என்கிட்ட 1.0. இப்போ வந்திருக்கிறது 3.2. நேரா தாவலாமா?

கேமராக்களில் பெரும்பாலும் தாவலாம், கடைசிப் பதிப்பில் முந்தைய திருத்தங்கள் எல்லாம் இருக்கும். இசைக்கருவிகளில் சில நேரம் நடுவில் ஒரு படி கட்டாயம், பூட்லோடரையே மாற்றிய பதிப்பாக அது இருக்கும். மாற்றக் குறிப்பில் ‘இந்தப் பதிப்புக்கு முன் இன்னது வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

புது வெர்ஷன் பிடிக்கலை. பழையதுக்குத் திரும்பலாமா?

கேமராக்களில் பொதுவாக முடியாது, கையிலிருப்பதைவிடப் பழைய எண்ணைக் கண்டால் மறுத்துவிடும். இசைக்கருவிகளில் பலவற்றில் முடியும், ஆனால் ஒரு கொக்கி உண்டு: புதிய பதிப்பில் சேமித்த ப்ராஜெக்டைப் பழையதால் திறக்க முடியாது. மேலே சொன்ன பேக்கப்பை அப்டேட்டுக்கு முன்னால் எடுத்திருந்தால்தான் திரும்புவதில் அர்த்தம் இருக்கும். வெளிவந்த முதல் நாளே போட்டுக்கொள்ளாமல் இரண்டு வாரம் காத்திருப்பது இதனால்தான் நல்லது. வெளியிட்ட பதிப்பைக் கோளாறு தெரிந்து சில நாளில் திரும்பப் பெற்றுக்கொள்வது எல்லாத் துறையிலும் நடக்கிறது.

அப்டேட் பண்ணினா படத்தின் தரம், ஒலியின் தரம் கூடுமா?

சென்சாரும் லென்ஸும் மாறாது. பெடலில் உள்ள ஒலி மாற்றி சிப்பும் மாறாது. மாறக்கூடியது கணக்குப் போடும் விதம்: ஜேபெக் படத்தில் இரைச்சலை எப்படி மழுப்புவது, வெண்சமநிலையை எப்படி ஊகிப்பது, ஃபோகஸ் எப்போது நிற்பது. சென்சார் தந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் குறைவாகவே தெரியும். டிஜிட்டல் பெடலில் ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஒலியைப் போலச் செய்யும் முழு ஆம்ப் மாடலே புதிதாக வந்து சேரலாம், அங்கே ஒலி நிஜமாகவே மாறும்.

அப்டேட்டால் நஷ்டம் ஆனதுண்டா? வசதியைப் பிடுங்கிக்கிட்ட மாதிரி?

உண்டு. 2009ல் பானசோனிக் பல லூமிக்ஸ் கேமராக்களுக்கு வெளியிட்ட அப்டேட், வேறு நிறுவனங்கள் செய்த பேட்டரிகளை ஏற்க மறுத்தது. பாதுகாப்புக்காக என்றார்கள். தரமற்ற பேட்டரி தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது, மறுக்க முடியாது. ஆனால் அதுவரை ஒழுங்காக ஓடிய மாற்று பேட்டரியை வைத்திருந்தவருக்கு ஒரே நாளில் அது வெறும் கட்டியானது. இது மாற்றக் குறிப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாத கருவியில் அந்தக் குறிப்பை முன்னாலேயே படிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வெளியாட்கள் எழுதிய ஃபர்ம்வேர் போடலாமா?

எதைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கேனன் பவர்ஷாட்களுக்கான சிஎச்டிகே உண்மையில் ஃபர்ம்வேரை மாற்றுவதே இல்லை. கார்டிலிருந்து ஏறி, கேமராவின் தற்காலிக நினைவகத்தில் ஓடும், ஆஃப் செய்தால் போய்விடும். ரா வசதி இல்லாத சின்ன கேமராவில் ரா எடுப்பது, நீண்ட எக்ஸ்போஷர், இடைவெளி விட்டுத் தானே படம் எடுப்பது என்று நிறைய தரும். கார்டின் பக்கவாட்டுப் பூட்டைப் பூட்டிய நிலையில் வைத்தால் கேமரா ஆன் ஆகும்போது தானே ஏறும். ஆனால் உங்கள் மாடலுக்கு மட்டுமல்ல, அதில் இருக்கும் துல்லியமான ஃபர்ம்வேர் பதிப்புக்கும் பொருந்தும் சிஎச்டிகே வேண்டும். மூன்றாவது கேள்வியில் சொன்னபடி பதிப்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அகாய் எம்பிசி1000 என்ற சாம்ப்ளருக்கு வந்த ஜேஜே ஓஎஸ் வேறு வகை. கருவியின் இயங்குதளத்தையே மாற்றிவிடும், பலருக்கு அந்தப் பெட்டி இன்றும் பிடித்திருக்க அதுவே காரணம். இந்த வகையில் இறங்கும்போது உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா, அசல் ஃபர்ம்வேர் ஃபைல் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

நாளைக்கு நிகழ்ச்சி. இன்னைக்கு ராத்திரி அப்டேட் போட்டுடட்டுமா?

வேண்டாம். இதற்கு நான் விதிவிலக்கே கொடுப்பதில்லை. எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு பட்டனின் வேலை மாறியிருக்கலாம், ஒரு பிரீசெட்டின் ஒலி அளவு ஏறியிருக்கலாம், அது மேடையில் விளக்கு எரிந்த பிறகுதான் தெரியும். படம் எடுக்கப் பயணம் போகிறவர்களுக்கும் இதேதான். திரும்பி வந்து, அவசரமில்லாத ஒரு நாளில், அப்டேட்டுக்கு ஒரு மணி நேரமும் அதன் பிறகு கருவியைச் சும்மா பயன்படுத்திப் பார்க்க ஒரு வாரமும் ஒதுக்குங்கள்.

நிறுவனமே இந்தத் துறையை விட்டுப் போயிடுச்சு. இனிமே ஃபைலுக்கு எங்கே போறது?

இது கூடிக்கொண்டே போகிற கேள்வி. கேசியோ 2018ல் சின்ன கேமராத் தொழிலை விட்டது. ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021 ஜனவரியில் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸுக்குக் கைமாறியது. இப்படி நடக்கும்போது ஆதரவுப் பக்கங்கள் இடம் மாறும், சில ஃபைல்கள் காணாமலும் போகும். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மூடப்பட்டபோது நிலைமை வேறு: ஃபர்ம்வேரின் மூல நிரலை முன்பே எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தார்கள், அதனால் அந்த மாட்யூல்களை இன்னும் மற்றவர்கள் பராமரிக்கிறார்கள், புதிதாக எழுதவும் செய்கிறார்கள். எல்லா நிறுவனமும் போகும்போது இப்படி ஒரு சாவியை விட்டுப்போனால் எவ்வளவு கருவிகள் பிழைக்கும்!

இப்போது உங்கள் கருவிக்கான ஆதரவுப் பக்கம் உயிரோடு இருந்தால் இன்றே மூன்றை எடுத்து வையுங்கள்: கடைசி ஃபர்ம்வேர், உங்கள் கருவியில் இப்போது ஓடும் பதிப்பின் ஃபைல் கிடைத்தால் அதுவும், கையேடு. கம்ப்யூட்டர் மென்பொருள் மூலம் மட்டுமே அப்டேட் ஆகும் கருவி என்றால் அந்த மென்பொருளின் நிறுவும் ஃபைலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடல் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, எந்தத் தேதியில் எந்தப் பதிப்பு போட்டோம் என்று ஒரு வரி எழுதி வைத்தால், பின்னால் அந்தக் கருவி யார் கைக்குப் போனாலும் அதையும் கூடவே கொடுத்துவிடலாம்.